மாப்பிள்ளை எழுதிய பிணம்

பள்ளிபாளையம்,
ஜனவரி 22, வியாழன்.

அன்பு மகள் பிரவீனாவுக்கு,

அந்தச் சென்னை நெரிசலில் ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அம்மாவின் முட்டிவலி மூவரும் சுகம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். செவ்வாய்க்கிழமை ஈரோட்டுத் தியேட்டரில், மதிய ஆட்டத்தில், ஒரு பிணத்தைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் என் மேல்வரிசைப் பல்செட் கழன்று பறந்து, முன்சீட்டில் இருந்த அம்மாளின் பாப்கார்னுக்குள் விழுந்துவிட்டது. அந்தம்மா திரும்பி, "ஏனுங்ணா, இது உங்களுதுங்களா?" என்று எடுத்து நீட்டினாள். யார் என்று பார்த்தால் நம் பாடகர் குழு கந்தம்மாள். சினிமா பார்க்கிறவர்களுக்காகக் கண்ணீர் விட்டு ஜெபிப்பாளே, அவளேதான். அவள் என்னைப் பார்க்கவில்லை, நான் அவளைப் பார்க்கவில்லை என்று கண்ணாலேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்.

போனில் சொல்லலாமே என்பாய். மாப்பிள்ளைப் பேச்சை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் கீழே வைத்தாலும் மீதிப் பாதி அங்கேயே காத்துக் கிடக்கும். அதனால்தான் கூரியர்.

தர்ஷன் விளம்பரக் கம்பெனியில் எழுதுகிறான் என்றுதான் நிச்சயத்தின்போது சொன்னீர்கள். சோப்புக்கு நாலு வரி, சேமியாவுக்கு நாலு வரி, யாருக்கும் கெடுதல் இல்லை என்று நானும் நிம்மதியாக இருந்தேன். பொங்கலுக்கு வந்த அந்தப் படத்தில் 'கதை, வசனம்' என்று அவன் பேர் போடுகிறார்கள் என்பது, நம் கடைக்குத் தறி நாடா வாங்க வந்த ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொலையாம், அதில் சிரிப்பாம், நடுவில் வீடு வீடாகப் பாடிப் போகிற கிறிஸ்மஸ் கீத பவனி வேறாம். மாமனார் ஆகப்போகிறவனுக்கு வாடிக்கைக்காரன் சொல்லித் தெரிய வேண்டிய சங்கதியா இது? மறைக்கிறவன் இதை மட்டும்தான் மறைப்பானா என்று அப்போது பிடித்த சந்தேகம், இன்னும் விடவில்லை.

பாஸ்டர் ஐயா காதுக்கும் போய்விட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நம்ம கீத பவனியக் கேலி பண்ணின ஆளுக்கு நம்ம சபையில கல்யாண அறிவிப்பு வாசிக்கலாமான்னு கேக்கறாங்க. நான் சினிமா பாக்கறதில்ல. கமிட்டியில மூணு பேர் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார். உனக்குத் தெரியும், அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இந்த ஞாயிறு தொடங்காவிட்டால் சாம்பல் புதன் வந்துவிடும். லெந்து நாட்களில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டருக்கு அப்புறம் மண்டபம் கிடையாது. ஆக, என் மகள் கல்யாணம் ஒரு சினிமாவை நம்பி நின்றது.

ராஜம்மாள் டீச்சர் ஒருவர். ஞாயிறு பள்ளியில் உன் காதைத் திருகியவர். இரண்டாவது, பொருளாளர் கந்தவேல் அண்ணன். சிரித்தால் அதற்கும் ஜிஎஸ்டி உண்டு என்று நினைக்கிறவர். மூன்றாவது நான். பெண்ணைப் பெற்றவன் நீதிபதியாக உட்காரக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் சபைப் பத்திரிகையில் நகைச்சுவைப் பக்கம் எழுதுகிறவனுக்கு இதற்குமேல் கெட்டுப்போகப் பேர் ஒன்றும் இல்லை என்று கமிட்டி ஏகமனதாக முடிவு செய்தது.

நம் ஊரில் பார்த்தால் சபையார் கண்ணில் படுவோம் என்று காவிரிப் பாலம் தாண்டி ஈரோட்டுக்குப் போனோம். சபையாரும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். டிக்கெட் வரிசையில் ஒரு குட்டி ஆராதனையே கூடியிருந்தது. "ஆஸ்பத்திரிக்கு வந்தேனுங்க" என்றார் ஒருவர். "நானும் அதே ஆஸ்பத்திரிதானுங்க" என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர். கந்தவேல் அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சீட்டில் உட்கார்ந்தார். இடைவேளையில் அதோடு டீ குடிக்க அவர் பட்ட பாடு தனிப் படம்.

நீ பார்த்திருப்பாய். இருந்தாலும் நான் என்ன பார்த்தேன் என்று சொல்ல வேண்டுமே. நாமக்கல் முட்டை லாரி டிரைவர் ஒருவன், கந்துவட்டிக்காரனுக்கு என்று பூச்சி மருந்து கலந்து வைத்த மோரை, வெயிலில் வந்த டிரைவரின் சொந்த மாமனார் எடுத்துக் குடித்துவிடுகிறார். முட்டை லாரியில் பிணத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டுகிறான். செக்போஸ்டில் போலீஸ் நிறுத்தினால் பிணத்துக்குக் கூலிங் கிளாஸ். டீக்கடையில் நிறுத்தினால் பிணத்தின் கையில் பேப்பர். கடைசியில் ஒரு கீத பவனிக் கூட்டத்துக்குள் லாரி மாட்டிக்கொள்கிறது. வேறு வழியில்லாமல் பிணத்துக்குச் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியும் மாட்டி, கிறிஸ்மஸ் தாத்தாவாக உட்கார வைத்துவிடுகிறான். பிள்ளைகள் ஓடி வந்து கைகுலுக்குகின்றன. ஒரு அம்மாள், "ஏனுங்க தாத்தா, கையி இப்படிச் சில்லுனு கெடக்குது, சுக்குக் காப்பி வெச்சுத் தரட்டுங்களா?" என்கிறாள். என் பல் போனது அந்த இடத்தில்தான்.

பல்லை மாட்டிக்கொண்ட பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பிரவீனா, அந்தப் பிணம் நான்.

சிரிக்காதே, ஆதாரம் இருக்கிறது. நம் சபையில் கிறிஸ்மஸ் தாத்தா யார்? வருஷா வருஷம் அந்த அங்கிக்குள் வேகிறவன் நான்தான். கண்ணாடிக் காம்பு ஒடிந்துபோய் நூல் கட்டிக் காதில் மாட்டியிருப்பது யார்? படத்து மாமனாருக்கும் நூல்தான். பிரசங்கத்தில் தூங்கி, தப்பான இடத்தில் "ஆமென்" போட்டு விழிப்பது? அதுவும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த மனுஷன் உயிரோடு வருகிற கொஞ்ச நேரத்திலும் போலீஸ்காரன் முதல் பூனைக்குட்டி வரைக்கும் எல்லோரையும் "சாமி" என்றே கூப்பிடுகிறார். நம் பக்கத்து வாய் அது. தர்ஷன் ஆத்தூர்ப் பையன். அங்கே அப்படி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நீ சொல்லாமல் அவனுக்கு எப்படி வரும்? இந்த வீட்டில் நான் அடிக்கிற கூத்தையெல்லாம் நீ சொல்லச் சொல்ல, அவன் சிரித்துக்கொண்டே மனசில் முடிந்து வைத்திருக்கிறான்.

இப்போது யோசித்தால் நிச்சயத்துக்கு வந்தபோதே அவன் போக்கு சரியில்லை. வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணி எடுக்கறேன் மாமா என்றான். தண்ணிப் பாட்டில் கதவிலேயே இருந்தது. நான் உள்ளே அடங்குவேனா என்று அளவு எடுத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க வெயிட் எவ்ளோ மாமா இருக்கும்?" என்று கேட்டான். என்ன அக்கறை என்று உன் அம்மா உருகிப்போய் இன்னொரு ஜாங்கிரி வைத்தாள். படத்தில் மாமனாரைத் தூக்கி லாரியில் ஏற்ற இரண்டு பேர் படுகிற பாட்டைப் பார்த்தபோதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம் விளங்கியது. கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பப் பாத்துக்கங்க மாமா" என்று வேறு சொன்னான். எதற்கு?

அப்பா இல்லாத பையன், அம்மா நர்ஸ் வேலை பார்த்து வளர்த்திருக்கிறார், குடி இல்லை, கடன் இல்லை. இதெல்லாம் விசாரித்தேன். ஆத்தூரில் நான் துருவாத டீக்கடை கிடையாது. இப்படி ஒரு மண்டை என்று ஒரு மாஸ்டரும் சொல்லவில்லை.

படம் முடிந்து ராஜம்மாள் டீச்சர் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். கந்தவேல் அண்ணன் கொதித்துப்போய் இருந்தார். "செத்த மனுசன வெச்சுச் சிரிப்புக் காட்டறது பாவமுங்க. கொன்னவன் படம் பூராப் பாட்டுக் கேட்டுக்கிட்டு லாரி ஓட்டறான். பாக்கற பசங்க என்னங்க நெனப்பாங்க?" என்றார்.

டீச்சர் முறுக்கை உடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏங்க கந்தவேலு, வேதத்துல ஒரு குண்டு ராஜா வர்றானே, அறைக்குள்ள குத்துப்பட்டுக் கெடப்பான். வேலைக்காரங்க ராஜா கொல்லைக்குப் போயிருக்காருன்னு வெளிய காத்துக்கிட்டே நிப்பாங்க. ஞாயிறு பள்ளியில அதச் சொன்னா இன்னைக்கும் பிள்ளைங்க உருண்டு சிரிக்குது. ஒருத்தனாச்சும் யாரையாவது போய்க் குத்தினானா? பாவத்தக் காட்டறது தப்பில்ல. இனிக்க இனிக்கக் காட்டிட்டு, கடைசியில கணக்குக் கேக்காம விட்டாத்தான் தப்பு. சரி, படம் பாத்ததுல யாரையாச்சும் கொல்லணும்னு உங்களுக்குத் தோணுச்சா?"

அண்ணன் யோசிக்கவே இல்லை. "இவரத் தோணுச்சுங்க. என்ர காதுக்குள்ளயே சிரிச்சாரு" என்று என்னைக் காட்டினார்.

கணக்குக் கேட்கிற இடம் படத்தின் கடைசியில் வருகிறது. கந்துவட்டிக்காரன் வேறு கேசில் உள்ளே போய்விடுகிறான். போலீஸ் தேடவில்லை. பிணத்தை ஆற்றில் தள்ளிவிட்டு டிரைவர் அவன் பாட்டுக்குப் போயிருக்கலாம். போகாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்துகிறான். பஞ்சுத் தாடியைப் பிய்த்தெடுத்து, முகத்தைக் கழுவி, தலைவாரி விடுகிறான். கண்ணாடியை வாயால் ஊதி ஊதித் தன் சட்டை நுனியில் துடைத்து, நூலைக் காதில் மாட்டிவிடுகிறான். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடக்கிறான். தியேட்டரில் பாப்கார்ன் சத்தம்கூட இல்லை. கந்தவேல் அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றியது அப்போதுதான். புழுக்கமாம்.

அங்கேயும் எனக்குச் சந்தேகம் வந்தது. மனந்திரும்புதலை இவ்வளவு சுத்தமாக எழுதத் தெரிந்தவன் அதற்கு முன்னால் என்னென்ன செய்திருப்பான்? சென்சாருக்காகவும் எங்களை மாதிரி கமிட்டிகளுக்காகவும் ஒட்டவைத்த வாலோ? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அந்தக் கண்ணாடி மட்டும் பிடிபடவில்லை. செத்தவருக்கு எதற்குத் துடைத்த கண்ணாடி? அதை எந்தச் சென்சாரும் கேட்டிருக்காது. எந்தக் கமிட்டியும் கேட்டிருக்காது.

டீச்சர் சரி என்றார், அண்ணன் கூடாது என்றார். மீதி என் வாய். நேற்று பாஸ்டர் ஐயாவிடம் போய், பெரியவர்கள் பார்க்கலாம், பிள்ளைகள் வேண்டாம், பல்செட் வைத்தவர்கள் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பை வாசித்துவிடுங்கள் என்றேன். காரணம் கேட்டார். "என்னக் கொன்னாலும் கடைசியில கண்ணாடியத் தொடச்சுப் போட்டுருவான் போலிருக்குதுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. படம் பார்க்காதவர், பாவம்.

சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளை கையால் மோர் மட்டும் குடிக்க மாட்டேன். என்னைப் பற்றி அவனிடம் சொல்வதை நீயும் கொஞ்சம் குறைத்துக்கொள். அந்தப் பிணம் நான்தான் என்று கடையிலும் சபையிலும் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். போட்டோகூட எடுத்துக்கொண்டார்கள். கோபம் வேறு, பெருமை வேறு.

நீங்கள் இருக்கப்போகிற வீட்டில் ஆண்டவர் சிரிப்புக்குக் குறைவு வைக்காமல் இருக்கட்டும் சாமி. என்றைக்காவது நிஜமாகவே என் முறை வரும்போது, உள்ளூர் ஆட்கள் கையில் விட்டுவிடாதே. அந்தக் கண்ணாடியை அவனையே துடைத்துப் போடச் சொல்.

ஒரு கண்ணை மட்டும் மூடித் தூங்கும்
உன் அப்பா.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உன் அம்மா இதைப் படித்துவிட்டு ஆத்தூர்ச் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, எங்க ஊட்டுக்காரர இப்படியாங்க பண்றது என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். அந்தம்மா அப்போதுதான் சொன்னார்களாம். தர்ஷனுடைய அப்பா போர்வெல் ரிக் வண்டி டிரைவர். நம் பக்கத்துத் திருச்செங்கோட்டு ஆட்களோடு ஊர் ஊராகப் போய்ப் போய், எல்லோரையும் "சாமி" என்றே கூப்பிடுவாராம். ஆத்தூர்ச் சபைக்கு அவர்தான் கிறிஸ்மஸ் தாத்தா. வடக்கே வேலை நடந்த இடத்தில் நெஞ்சுவலியில் உயிர் போய், லாரியில்தான் ஊர் வந்து சேர்ந்தாராம். காலேஜில் படித்துக்கொண்டிருந்த தர்ஷன் போய், வழியெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தானாம். படத்தில் வருகிற அந்த நூல் கட்டின கண்ணாடி, படத்துக்காக வாங்கினது இல்லையாம்.