பெற்றோல் தாங்கியில் உன் பெருவிரல்

மச்சான்,

இன்று காலை தோட்டத்துக் கேற்றைத் திறந்ததுமே பெற்றோல் மணத்தது. எலுமிச்சைப் பூ மணத்தையும் மீறி மணத்தது. நீ எனக்கு முதல் வந்து நிற்கிறாய் என்று நினைத்துக் காலை எட்டி வைத்துவிட்டேன். பிறகுதான் புத்தி வந்தது. தண்ணீர் இறைக்கிற மோட்டருக்குக் கீழே சீமெந்துத் தரை நனைந்து கிடந்தது. தாங்கியின் அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நீ ஒட்டிய இடம்தான்.

நீ இருந்திருந்தால் குனிந்து மணந்து பார்த்திருப்பாய். "இதைப் போலை ஒரு மணம் உலகத்திலை இல்லை மச்சான். செத்தாப் பிறகு எனக்கு இதைத்தான் தெளிக்கோணும்" என்பாய். "ஓம், நெருப்பு வைக்கவும் வசதி" என்று நான் சொல்வேன். அப்படியெல்லாம் பகிடி விட்டுச் சிரித்த நாங்கள் எப்பேர்ப்பட்ட மடையர்கள்.

லிபெர்த்தா வீதியில் நான் வீட்டு வேலை செய்யும் சிஞ்ஞோராவுக்கு மலையடியில் இந்த எலுமிச்சைத் தோட்டம் இருப்பது எனக்கே பிந்தித்தான் தெரியும். தகப்பன் விட்டுப்போன சொத்து. சனிக்கிழமைகளில் தொட்டித் தண்ணீரை மரங்களுக்கு இறைத்துவிட ஆள் தேவை என்றார். நான் உன்னைக் கூட்டிவந்தேன். இறைப்பு என்றால் உனக்கு வேறெதுவும் வேண்டாம். கிழமை முழுவதும் பொலிதேயாமா தியேட்டர் பக்கத்துக் கந்தோர்களின் படிக்கட்டுகளைத் துடைத்தவன், இங்கே வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய கமக்காரன் மாதிரி நடப்பாய்.

அந்த நடையில்தான் ஒரு நாள் தாங்கியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்து தொட்டி விளிம்பில் இடித்தாய். குழாய் கொளுவுகிற பிளாஸ்ரிக் மூக்கு அடியோடு வெடித்தது. பெற்றோல் உன் காலில் ஊற்றியது. நான் கத்தினேன். நீ விரலால் வெடிப்பை அடைத்துக்கொண்டு, "அந்தரப்படாதை. ஓடிப்போய்ச் சவுக்காரம் கொண்டா" என்றாய்.

உடுப்புத் தோய்க்கிற தொட்டியில் இருந்த சிஞ்ஞோராவின் சவுக்காரக் கட்டியைக் கொண்டுவந்து தந்தேன். உன் சைக்கிள் சீற்றுக்கு அடியில் எப்போதும் ஒரு பழைய ரியூப் துண்டு இருக்கும். அதைக் கீலமாக வெட்டி மூக்கைச் சுற்றி இறுக்கினாய். சவுக்காரத்தைத் தண்ணீர் தொட்டுப் பிசைந்து மேலே அப்பினாய். கடைசியில் பெருவிரலால் ஓங்கி ஓர் அழுத்து. "இண்டைக்குக் காணும். வாற கிழமை ஒழுங்காச் செய்வம்."

அந்த வாற கிழமை வரவேயில்லை. வருடக்கணக்காக மோட்டர் அந்தச் சவுக்காரத்தில்தான் ஓடியது.

வன்னிக்குள் பெற்றோல் வராத காலத்தில் நாங்கள் படித்த படிப்பு அது. மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடும். ஸ்ராட் பண்ண மட்டும், மருந்துப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் நாலு சொட்டு. ஒழுகுகிற தாங்கிக்குச் சவுக்காரம். மேலுக்குப் போடச் சவுக்காரம் இல்லாத வீட்டிலும் மோட்டார்சைக்கிளுக்கு ஒரு துண்டு இருந்தது. இங்கே தெருமுனையில் பெற்றோல் செற் இருக்கிறது, எவ்வளவு கேட்டாலும் ஊற்றுவான். என்றாலும் நீ இறைப்பு முடிய முன்னமே பெற்றோல் வால்வைப் பூட்டிவிடுவாய். குழாய்க்குள் நிற்கிறதைக் குடித்து முடித்துத்தான் மோட்டர் நிற்க வேண்டும். "குழாய்க்குள்ளை நிக்கிறதும் பெற்றோல்தானேடா." அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வரும். இப்போது நானும் அப்படித்தான் பூட்டுகிறேன்.

அன்று சிஞ்ஞோரா சவுக்காரத்தைத் தேடிக்கொண்டு வந்ததும் நினைவிருக்கிறதா? நீ மோட்டரைக் காட்டி, உனக்குத் தெரிந்த இத்தாலியனில், "மோட்டருக்கு இன்று குளிப்பு, சிஞ்ஞோரா" என்றாய். அவருக்குச் சிரிப்பதா ஏசுவதா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு சவுக்காரத்தை வீட்டுக்குள் வைத்துப் பூட்டத் தொடங்கினார். வெளித்தொட்டியில் ஒரு நாளும் வைத்ததில்லை.

இன்றும் அவர் தோட்டத்தில்தான் இருந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "பஸ்தா! போதும். இந்த இரும்பைத் திங்கட்கிழமை எடுத்துப்போகச் சொல்கிறேன். மின்சார மோட்டர் வாங்கிவிடலாம்" என்றார். இன்றைக்குள் திருத்தித் தருகிறேன் என்று கெஞ்சினேன். ஒரு பழைய மோட்டருக்கு ஏன் இந்த மனிதன் இப்படிக் கெஞ்சுகிறான் என்று அவர் என்னைப் பார்த்தார். ஒழுகினால் கட்டாயம் போகும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெற்றோலைப் போத்தலில் வடித்துவிட்டுத் தாங்கியைக் கழற்றிக் கவிழ்த்தேன். அப்போதுதான் கண்டேன். காய்ந்து மஞ்சளான சவுக்காரத்தில் உன் பெருவிரல் பதிந்திருந்தது. ரேகை ரேகையாக, மீன் ரின் மூடி வெட்டிய அந்தக் குறுக்குத் தழும்போடு. இத்தனை காலமும் அது கீழ்ப்பக்கம் பார்த்தபடி இருந்திருக்கிறது.

உன் சவப்பெட்டி ஊருக்குப் போன நேரம், இங்கே இருக்கிறதுக்கான என் பெர்மெசோ அட்டை புதுப்பிக்கக் கொடுத்துக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் கிடந்தது. நான் வெளிக்கிட்டிருந்தால் திரும்பி வந்திருக்க முடியாது. உன் உடுப்பு, போன், சப்பாத்து எல்லாவற்றையும் நானே அடுக்கி உன் மனுசிக்கு அனுப்பினேன். எனக்கென்று ஒன்றையும் எடுக்கவில்லை, அந்த நேரம் எடுக்கத் தோன்றவும் இல்லை. இந்த ஊரில் நீ இருந்தாய் என்பதற்கு என்னிடம் மிச்சம் இந்த விரலடையாளம்தான். திருத்தாவிட்டால் திங்கட்கிழமை மோட்டரோடு அதுவும் போகும். திருத்துவதென்றால் முதலில் அதைத்தான் சுரண்ட வேண்டும்.

தாங்கியைப் பையில் சுற்றிக்கொண்டு வுச்சீரியாச் சந்தையில் இருக்கும் இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். பஸ்ஸில் பெற்றோல் மணத்துக்கு எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. கடைக்காரன் தாங்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன சவுக்காரமா? யார் செய்தது?" என்றான்.

"என் கூட்டாளி."

"மெக்கானிக்கா?"

"இல்லை. படி துடைக்கிறவன்."

"உடைந்த மூக்கை அறுத்து எறி. ஓட்டையைத் துப்புரவாக்கி இந்த றப்பர் வளையத்தை வை. பித்தளை மூக்கை அதற்குள் தள்ளு. பத்து நிமிட வேலை" என்று சொல்லிக்கொண்டே நகத்தால் சவுக்காரத்தைக் கிளப்பப் பார்த்தான். தாங்கியை வெடுக்கென்று பறித்துவிட்டேன். அவனுக்குக் கோபமில்லை. "உன் கூட்டாளியையே கேட்டுச் செய்" என்றான். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

தோட்டத்தில் ஒரு எலுமிச்சைக்குக் கீழே இருந்து, நைலோன் நூலை உள்ளே விட்டு, விரலடையாளத்தை முழுதாகக் கிளப்பப் பார்த்தேன். பாதி வந்தது. மற்றப் பாதி பொடிப்பொடியாக உதிர்ந்தது. "ஐயோ" என்று வாய்விட்டே கத்தினேன். தழும்பு இருந்த பாதி என்னிடம் இருந்தது. அதைப் பத்திரமாகத் தோய்க்கிற தொட்டி விளிம்பில் வைத்தேன், வெளிக்கிடும்போது கடதாசியில் சுற்றிக்கொண்டு போகலாம் என்று. இன்னுமொன்று, கேட்டுக்கொள். பிழை உன் சவுக்காரத்தில் இல்லை. உள்ளே இருந்த ரியூப்தான் பெற்றோலில் ஊதிப்போய் இடம் விட்டிருந்தது.

மூக்கை அறுத்தேன். வளையம், பித்தளை, குழாய், கிளிப். பெற்றோலை ஊற்றிவிட்டுக் குந்தியிருந்து பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை. கயிற்றை இழுத்ததும் மோட்டர் பிடித்துக்கொண்டது. தண்ணீர் வாய்க்காலால் ஓடி முதல் மரத்துக்குப் போனது. சிஞ்ஞோரா ஜன்னலால் கையைக் காட்டி "பிராவோ" என்றார்.

மோட்டர் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தித்தான் நாங்கள் உலகத்துக் கதை எல்லாம் கதைப்போம். அரைவாசி உனக்குக் கேட்காது, நீ உன்பாட்டுக்கு ஒரு மறுமொழி சொல்வாய். இன்று, "டேய், ஓடுதடா!" என்று அடித் தொண்டையால் கத்தினேன். சத்தத்துக்குள் அது எங்கே போனதென்றே தெரியவில்லை. தனிமை என்று ஆட்கள் சொல்லும்போது வெறும் வீட்டைத்தான் நினைத்திருக்கிறேன். இவ்வளவு இரைச்சலுக்குள்ளும் அது நிற்கும் என்று தெரியாது.

கடைசி மரமும் குடித்த பிறகு, பெற்றோல் வால்வைப் பூட்டி, மோட்டர் தானாக நிற்கும்வரை நின்றேன். கை இரண்டும் கறுத்துப்போயிருந்தன. தோய்க்கிற தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். கண் மரங்களில் இருந்தது. கை தன்பாட்டில் தொட்டி விளிம்பைத் தடவிச் சவுக்காரத்தை எடுத்துத் தேய்த்தது. நன்றாக நுரைத்தது. இத்தனை வருடம் பெற்றோலில் கிடந்தது, நேற்று வாங்கியது போல நுரைத்தது. அந்தத் தொட்டியில் சவுக்காரம் வைக்கிற வழக்கம் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. விரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் வழுவழுப்பாக ஒரு சின்னத் துண்டு. ரேகையும் இல்லை, தழும்பும் இல்லை.

குழாயைப் பூட்டிவிட்டேன். கையை அலம்பவில்லை. நுரை அப்படியே காய்ந்து தோலில் இழுத்துப் பிடித்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அறையில் காலையில் வைத்த சோறும் மீன்குழம்பும் இருந்தன. கரண்டியைத் தேடவில்லை. அந்தக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டேன். முதல் வாயே சவுக்காரமாய்க் கசந்தது. சோற்றுக் கோப்பை வெறுமையாகும்வரை சாப்பிட்டேன், மச்சான்.