கிளையை விடாத வால்

மேற்பிரிவு லயம்,
3 மார்ச் 2012

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம், மழைதான் விடவில்லை. போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே நிற்பதால் இதை எழுதுகிறேன்.

உங்கள் கூட்டாளி லோகு அண்ணன் மேல்காட்டில் சின்ன ஓணான்களைப் பிடிக்கிறார். பாசி மரங்களில் வாலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்குமே, அவைதான். ஆள் வந்தாலும் ஓடத் தெரியாதவை. அந்தப் பேரினத்தில் இரண்டே வகைகள், இரண்டும் நம் நாட்டு மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லை என்று விஞ்ஞான டீச்சர் தந்த புத்தகத்தில் படித்தேன். இவை முட்டையிடாமல் குட்டி போடுமாம்.

நேற்று ஒன்று கிளையை விடவில்லை. இழுத்தார், வால் அறுந்தது. வாலில்லாதது விலைபோகாது என்று கல்லில் அடித்தார். வயிறு வெடித்து நான்கு குட்டிகள் விழுந்தன. ஒன்று வாயைத் திறந்து மூடியது. நான் அழுததும், "படிக்கிற புள்ளைக்கு ஓணான்கிட்ட என்னா வேல? ஒப்பாரிய லயத்து வீட்டுல போய் வையி" என்று சிரித்தார்.

நீங்கள் சொன்னால் கேட்பார்.

தங்கை,
ஜெயமலர்

கொழும்பு,
9 மார்ச்

அன்புத் தங்கச்சிக்கு,

லோகு பிடிப்பது எனக்காகத்தான். எங்கள் முதலாளி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். யாரிடமும் வாயைத் திறக்காதே. பிடிபட்டால் உள்ளே போவது நான்தான். உன் டியூஷன் எதில் நடக்கிறது என்று நினைத்தாய்? ஞாயிறு 18ஆம் தேதி வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போகிறேன். உனக்கு வெள்ளைச் சப்பாத்து வாங்கியிருக்கிறேன். கால் அளவு ஐந்துதானே?

அண்ணன்,
தியாகு

மேற்பிரிவு லயம்,
14 மார்ச்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. அன்றே டியூஷனை நிறுத்திவிட்டேன்.

நேற்று அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு மேல்காட்டுக்குப் போனேன். லோகு அண்ணன் ஒவ்வொன்றாகப் பழைய சாக்ஸில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவிழ்த்து விடச் சொல்லி மூன்று முறை கேட்டேன். "இத்தன நாளா நீயும் சேந்துதானடி தின்ன" என்றார். அது உண்மைதான். அடுத்த முடிச்சைப் போடக் கையை நீட்டினார். வெட்டினேன். இரண்டு விரல்கள் பாசியில் விழுந்தன. என் கண்ணாடியில் தெறித்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, சாக்ஸ்களைப் பிரித்தேன். ஏழு செத்திருந்தன. பதினொன்று ஊர்ந்து மரமேறின. இரண்டு முறை எண்ணினேன்.

கவ்வாத்தில் கத்தி தவறியது என்று லோகு அண்ணன் டிஸ்பென்சரியில் சொல்லிவிட்டாராம். காட்டில் என்ன வேலை என்று கேட்பார்களே. அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அம்மா கோழி சொல்லி வைத்திருக்கிறார். நானே குழம்பு வைப்பேன். சாப்பிட்டுவிட்டு நேரே பஸ்ஸுக்குப் போய்விடுங்கள். மேல்காட்டுக்கு ஏறினால், அண்ணா, உங்களையும் வெட்டுவேன்.

என்றும் அன்புள்ள தங்கை,
ஜெயமலர்