குடித்திருக்கக் கூடாத காபி

தஃபீலா
மார்ச், கடைசி வெள்ளி

என் அன்பு மகன் கஸ்ஸானுக்கு உன் தகப்பன் எழுதுவது. இறைவன் கருணையால் நானும் உன் அம்மாவும் தங்கை ருதய்னாவும் இருக்கிறோம், இருப்பதற்கு மேல் சொல்ல அதிகமில்லை என்றாலும் இருப்பதற்கே நன்றி சொல்லிக்கொள்கிறோம். எட்மன்டன் பனியில் நீயும் அவ்வாறே சுகமாய் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். உன் அம்மாவின் இடது முழங்கால் முன்போலவேதான், மருத்துவர் படி ஏறாதே என்கிறார், நம் ஊரே படிகளால் ஆனது என்பது தலைநகர் அம்மானிலிருந்து வரும் அவருக்குத் தெரியவில்லை. மாடித் தொட்டியின் குழாய் உறைபனியில் வெடித்துவிட்டது, மாற்றியாயிற்று. போன வெள்ளி நீ தொலைபேசியில் முஹன்னத்திடம் நானே பேசிவிடுகிறேன் என்று சொன்னபோது நான் சரி, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். ருதய்னா அதே அறையில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், அவளை வைத்துக்கொண்டு பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எதுவும் வரிசையாகச் சொன்னால்தான் சொன்னதுபோல் இருக்கும், எழுத்தில்தான் அது ஓரளவு வரும், அதுவும் வருகிறதா என்று நீதான் பார்க்க வேண்டும்.

ருதய்னா தையல் ஆலையில் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்ததும், முப்பதை நெருங்கும் வயதில் அதை விட்டுவிட்டு இரண்டு வருடக் கணக்கியல் படிப்பில் சேர்ந்ததும் உனக்குத் தெரியும். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகளெல்லாம் ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்களாம். அதைச் சொல்லிச் சொல்லி அவள் சிரித்தாள், உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை, பெஞ்சில உக்கார்ற வயசா இது, உன் வயசுக்காரிங்க பிள்ளைங்களைப் பெஞ்சில உக்கார வச்சுட்டுப் போறாங்க என்றாள். ஆனால் பரீட்சைக் காலங்களில் அடுப்புக்குப் பக்கத்து இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்ததும் அதே அம்மாதான். நான் பாடம் கேட்பேன். ஆயுள் முழுக்க இலக்கணம் சொல்லிக்கொடுத்த எனக்குக் கணக்கியலில் எழுவாயும் செயப்படுபொருளும் எங்கே என்று பிடிபடவில்லை, ஆனால் அவளுக்கு அது தண்ணீர்போல் ஓடியது. பற்று வலப்பக்கம், வரவு இடப்பக்கம் என்று, வலமிருந்து இடமாக ஓடும் நம் புத்தகங்களில் உள்ளபடி அவள் ஒப்பிப்பாள், நான் புத்தகத்தைப் பார்த்துத் தலையசைப்பேன். வரும் ஜூனில் ‘ஷாமில்’ என்கிற பொதுத் தேர்வு. நாடு முழுக்க இரண்டு வருடப் படிப்புக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக எழுதும் அந்தக் கடைசித் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தால் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்குப் பாலம் போட்டுக் கடந்துவிடலாம், வராவிட்டாலும் கையில் பட்டயம் இருக்கும். அவள் முதல் வகையில் வருவாள் என்று அவளுடைய ஆசிரியை என்னிடமே சொன்னார்.

ஆனால் தேர்வில் உட்காருவதற்கு முன் ஏதாவது ஒரு பதிவு பெற்ற அலுவலகத்தில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். நம் ஊரில் அலுவலகம் ஏது. நகராட்சியில் நாற்காலி இல்லை என்றார்கள். மருந்துக் கிடங்குக்காரர் பெண் பிள்ளைகள் வேண்டாம் என்றார். ரொட்டிக்கடை அபூ அத்னான் வாம்மா வா என்றுதான் கூப்பிட்டார், அவர் கணக்கெல்லாம் சுவரில் கரியால் இருக்கிறது, கல்லூரி அதை ஏற்காது. மிச்சமிருந்தது பாஸ்பேட் சுரங்கத்துக்கு லாரி விடும் அந்தக் கம்பெனி. பள்ளியில் என்னிடம் படித்த முஹன்னத் அங்கே கணக்குப் பிரிவுத் தலைவன் என்பது உனக்கும் தெரிந்ததுதானே. இரண்டே இடம், அதற்கு ஒரு சின்னப் பரீட்சை. தாள் ஆங்கிலத்தில். தலைக்கோடும் நடுக்கோடும் மட்டும் போட்ட வெற்றுக் கணக்குகளைக் கொடுத்து நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். நம் பெண் படித்தபடி பற்றையெல்லாம் வலப்பக்கம் எழுதிவிட்டாள். ஆங்கிலத்தில் அது இடப்பக்கமாம். எண்கள் அத்தனையும் சரி, எல்லாமே இடம் மாறி. தாளை வாங்கிய குமாஸ்தா, என்ன பொண்ணே, கண்ணாடியைப் பாத்து எழுதினியா என்றானாம். வீட்டுக்கு வந்து அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் அன்று சாப்பிடவில்லை. உன் அம்மா தட்டை எடுத்து வைத்துக்கொண்டே, வலது கையால சாப்பிடு, வலது காலை எடுத்து வை, வலது பக்கமாத் திரும்பிப் படுன்னு வளத்தேன், கடைசில அதுவே இவ காலை வாரிடுச்சு என்றாள்.

இதை முஹன்னத்திடம் விளக்கினால் போதும் என்று எனக்குத் தோன்றியது. சலுகை கேட்கப் போகவில்லை, தாளை இன்னொரு தடவை பார் என்று சொல்லத்தான். பக்கத்து வீட்டு அபூ ஸக்ர், ராணுவத்தில் சமையல்காரராய் இருந்தவர், அவரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் சொன்னார், உஸ்தாத், தனியாப் போகாதீங்க. ஒரு ஆள் போனா அது விருந்து, நாலு ஆள் போனாத்தான் அது கோரிக்கை. நானும் வர்றேன், என் மச்சானையும் கூட்டிக்கறேன். காபி குடுப்பான். வாங்கிக் கீழ வைங்க. கேட்டது கிடைக்கும்னு அவன் வாயால சொல்ற வரைக்கும் கிண்ணத்தைத் தொடாதீங்க. எனக்கு இது தெரியாததா. உனக்குப் பெண் கேட்கப் போனபோது கிண்ணங்கள் எத்தனை நேரம் அப்படியே இருந்தன என்பது நினைவிருக்கிறது. ஆனால் ஒரு பயிற்சி நாற்காலிக்காக ஊர்ப் பெரியவர்களைத் திரட்டுவது எனக்கு வெட்கமாக இருந்தது. தனியாகவே போனேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று மட்டும் மினி பஸ்ஸில் உட்கார்ந்து எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

முஹன்னத் என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து தோளில் முத்தமிட்டான். எதிரே இருந்தவர்களை வெளியே அனுப்பினான், தொலைபேசியை அணைத்தான், நான் பெஞ்சின் மேல் ஏற்றி நிற்கவைத்த கதையைத் தானே சொல்லிச் சிரித்தான், உன்னைப் பற்றிக் கேட்டான். பிறகு தன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தான். அன்று வெளியே புழுதிக் காற்று, என் தொண்டை வறண்டிருந்தது என்று சொல்லலாம், ஆனால் அது காரணமில்லை. அவன் தன் கிண்ணத்தை உயர்த்தி, உங்க ஆயுளுக்கு உஸ்தாத் என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அப்படிப் பார்க்கும் ஒரு பிள்ளைக்கு முன்னால் கிண்ணத்தைக் கீழே வைக்க எனக்குக் கை வரவில்லை. குடித்துவிட்டேன். உடனே அவன் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டான். உங்களையும் யாராவது தூது அனுப்பியிருப்பாங்களோன்னு பயந்துட்டேன் உஸ்தாத் என்றான். காலைலேருந்து இந்த மேசையில ஆறின காபிதான். இவன் மருமகனுக்கு, அவன் மகளுக்கு. நீங்க ஒருத்தர்தான் குடிச்சீங்க, நீங்க ஒருத்தர்தான் என்னைப் பாக்கறதுக்குன்னு வந்திருக்கீங்க. அதற்கு மேல் நான் என்ன சொல்வது, மகனே. இந்தப் பக்கமாகப் போனேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்றேன். பாலைவன நெடுஞ்சாலையில் லாரிகளைத் தவிர யார் அந்தப் பக்கமாகப் போகிறார்கள். அவன் அதையும் நம்பினான், கம்பெனி வண்டியிலேயே வீடுவரை கொண்டுவந்து விடச் சொன்னான்.

அபூ ஸக்ர் வாசலில் காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டார். அப்ப, எங்களுக்கு ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க என்று மட்டும் சொன்னார். உன் அம்மா, ரெண்டாவது கிண்ணமும் வாங்கினீங்களா அபூ கஸ்ஸான் என்று கேட்டாள். வாங்கினேன் என்றேன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். ருதய்னா மட்டும், பரவால்ல யாபா, நீங்க கேக்காம வந்ததுதான் எனக்கும் நிம்மதி என்றாள். அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதே வாரம் இரண்டு இடங்களும் நிரம்பின. ஒன்று கம்பெனி முதலாளியின் அண்ணன் மகனுக்கு. இன்னொன்று டிராக்டர் ஓட்டும் அபூ ராமியின் மகள் ஷுரூக்குக்கு, ருதய்னாவின் வகுப்புத் தோழிதான்.

பயிற்சி இல்லாததால் ஜூன் தேர்வு இல்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு வருடம் ஒத்திவைக்கலாம், அதற்கு மேல் முடியாது. இதற்கிடையில் ஆலையின் சூப்பர்வைசர் அம்மா, இப்போது வந்தால் பழைய இடம் உண்டு, ஏப்ரல் பிறந்தால் இல்லை, வருவதானால் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆள் அனுப்பினார். யோசிக்கலாம் என்றேன். எதை யோசிக்கிறது யாபா என்றாள். போன ஞாயிறு கையெழுத்துப் போட்டுவிட்டுக் காலர் வைக்க உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். நான் ஒரு வருடத்தையும் இரண்டு வருடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியாதவன் என்று அவள் நினைத்திருக்கலாம். நம்பிக்கை இருக்கிறது என்று உனக்கு எழுத ஆசைதான். எழுதினால் நீ நம்பிவிடுவாய், அதனால் எழுதவில்லை.

இனி முஹன்னத் விஷயம். நீ பேசினால் அவன் செய்வான். நான் எதற்காக வந்தேன் என்று தெரிந்தால் கூசிப்போய் உடனே செய்வான், அதுதான் எனக்குப் பயம். முதலாளி வீட்டுப் பையனை யாரும் அசைக்க முடியாது. போன வாரம் நீ பேசி முடித்த பிறகு ருதய்னாவிடம் கேட்டேன், கஸ்ஸான் பேசட்டுமா என்று. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பேசினா அந்த நாற்காலிலேருந்து யாரை எழுப்புவாங்க யாபா என்றாள். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், இருவரும் பெயரைச் சொல்லவில்லை. பிறகுதான் சொன்னாள், அந்தப் பரீட்சையில் ஷுரூக்கும் எல்லாவற்றையும் வலப்பக்கம்தான் எழுதினாளாம். நம் கல்லூரிப் பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். தாள் எதையும் தீர்மானிக்கவில்லை. அபூ ராமி தன் மாமனோடு போய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மத்தியானம்வரை அதைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அந்தப் பெண் அங்கே திணறுகிறாள். இன்று மத்தியானத் தொழுகை முடிந்ததும் நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். அக்கா, அங்க எல்லாமே இடது பக்கத்துலேருந்து ஓடுது, கேட்டா சிரிக்கறாங்க, நீங்க இருந்தா ஒரு வாரத்துல பிடிச்சிருப்பீங்க, எனக்கு ஒண்ணும் ஓடல என்றாள், வாசலிலேயே நின்றுகொண்டு. ருதய்னா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். உன் அம்மா தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டு என்னிடம் வந்து, நம்ம பொண்ணோட இடத்துல உக்காந்துக்கிட்டு நம்ம பொண்ணுகிட்டயே பாடம் கேக்க வந்திருக்கா பாருங்க என்று முணுமுணுத்தாள், பிறகு சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டு போனாள். நான் இதை எழுதும்போது பக்கத்து அறையில் பாடம் நடக்கிறது. மறுபடி வலப்பக்கம் போறே பாரு, கையை எடு, இடப்பக்கம் என்கிறாள் ருதய்னா. அவள் குரல் நன்றாக இருக்கிறது, முதல் நாள் அந்தப் பிள்ளைகள் எழுந்து நின்றதில் தவறில்லை. அவள் விரல் நுனிகளில் ஊசி பட்ட இடங்களுக்கு ஒட்டுத் துணி சுற்றியிருக்கிறாள்.

ஆகவே முஹன்னத்திடம் பேசாதே. இதை நான் சரியாக யோசித்தேனா என்று எனக்கே ஐயம், நீ வேறுவிதமாக நினைத்தால் எழுது, ஆனால் அதற்கு முன் பேசிவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, வேலை முடிந்து வியர்வையோடு பனியில் இறங்காதே, அம்மாவிடம் முழங்காலைப் பற்றி இரண்டு தடவையாவது கேள், ஒரு தடவை கேட்டால் அவளுக்குக் கணக்கில் வராது. ருதய்னாவிடம் படிப்பைப் பற்றி நீயாக எதுவும் கேட்காதே, அவளாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். உன் வீட்டில் வெளிச்சமும் உன் கையில் வேலையும் குறையாதிருக்க இறைவன் அருளட்டும், உன் மனைவிக்கும் குழந்தைக்கும் எங்கள் முத்தங்கள். வேலை நாட்களில் இரவு இஷாத் தொழுகைக்கு முன்பே ருதய்னா தூங்கிவிடுகிறாள், அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் கூப்பிடு.

என்றும் உன் நலம் வேண்டும் தகப்பன்,
அபூ கஸ்ஸான்