உலர்த்தும் அடுப்பில் சாப்பாட்டு டப்பா வைப்பதால் மரங்களுக்கு நேர்ந்துள்ள ஆபத்து

அனுப்புநர்:
சருகுப் பரிசோதகர்,
நகர மண் மற்றும் இலை ஆய்வுக்கூடம்,
மாடி, கடைசி அறை.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகர நிர்வாக அலுவலகம்.

பொருள்: ஆய்வுக்கூட அடுப்பில் மதிய உணவு சூடாக்கப்படுதல் – அதன் பலனாகப் பள்ளிக்கூடத் தெரு மரங்களை வெட்ட உத்தரவு – நிறுத்திவைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பள்ளிக்கூடத் தெரு மரங்களின் சருகு எளிதில் மக்காமல் சாக்கடையை அடைக்கிறது என எங்கள் ஆய்வுக்கூடம் அறிக்கை தந்தது. அதை நம்பி அம்மரங்கள் அனைத்தையும் வெட்டத் தாங்கள் உத்தரவிட்டுள்ளீர்கள். எங்கள் அறிக்கை ஒன்றை இவ்வளவு சுறுசுறுப்பாக யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

2. சருகை அறுபது டிகிரியில் காயவைத்து, பொடியாக்கி, உலையில் படிப்படியாகச் சூடேற்றுவோம். எந்தச் சூட்டில் எவ்வளவு எடை குறைகிறது என்று பார்த்தால், அது எவ்வளவு சீக்கிரம் மக்கும் என்பது தெரியும். காயவைக்கும்போதே சூடு கூடிவிட்டால் இலை வெந்து இறுகி, மக்கவே மக்காத இலைபோல வேஷம் கட்டும்.

3. எங்கள் கண்காணிப்பாளர் அவர்களுக்கு ஆறிய சாப்பாடு தொண்டையில் இறங்காது. தினமும் தமது அடுக்கு டப்பாவைச் சருகுத் தட்டுகளுக்கு நடுவே வைத்து, சூட்டை நூற்றுப்பத்துக்கு ஏற்றிவிடுகிறார். ஆட்சேபித்தபோது, "எப்படியும் காயப்போற இலைதானே, கொஞ்சம் சீக்கிரமா காயட்டுமே" என்று எனக்கு அறிவியல் கற்பித்தார். 'உணவு வைக்கக் கூடாது' என்று அட்டையில் எழுதி அடுப்பில் ஒட்டினேன். அந்த அட்டையை மடித்துத்தான் இப்போது டப்பாவை இறக்குகிறார்.

4. விடுமுறையில், டப்பா வராத நாட்களில், அதே மரங்களின் சருகை முறைப்படி காயவைத்துச் சோதித்தேன். மற்ற மரங்களின் சருகைப் போலவே நல்ல பிள்ளையாக மக்கக்கூடியது. அறிக்கையைத் திருத்தினால் ஆய்வுக்கூடத்தின் மானம் போய்விடும் என்கிறார் கண்காணிப்பாளர். மானத்துக்கு நிழல் தேவையில்லை. பள்ளி விடும்வரை அத்தெருவில் காத்து நிற்பவர்களுக்குத் தேவை. அவர்களில் என் அக்காவும் ஒருத்தி. "உன் கையெழுத்துதானேடா கீழ இருக்கு?" என்று கேட்டவள், அதன்பின் என்னோடு பேசவில்லை. வெட்டுக்குறி போட்ட மரங்களைக் கடந்து வேலைக்கு வர எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5. இம்மனு முறைப்படி கண்காணிப்பாளர் வழியாக வந்திருக்க வேண்டும். கொண்டுபோனபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே, மறுபரிசோதனை முடியும்வரை வெட்டும் வேலையை நிறுத்திவைக்குமாறும், கண்காணிப்பாளர் அவர்களின் பசிக்கெனத் தனி அடுப்பு ஒன்று வழங்குமாறும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். சருகை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி சோதிக்கலாம். வெட்டிய மரத்தை மறுபடி நிறுத்திவைக்க எங்கள் ஆய்வுக்கூடத்தில் கருவி இல்லை.

நாள்: மரம் வெட்டுவதற்கு முந்தைய நாள்
இடம்: உலர்த்தும் அறை

இப்படிக்கு,
அந்த அறிக்கையிலும் கையெழுத்திட்ட
சருகுப் பரிசோதகர்