ஆஸ்திரேலியாவுக்காக நிலா எழுதிய பரீட்சை

அக். 22, புதன்

மழை. காயப்போட்ட துணி மறுபடி நனைந்தது. எடுக்க மறந்தது நான்தான், பழி புருஷன் கார்த்திக் மேல்.

மகள் நிலாவின் பள்ளியிலிருந்து மின்னஞ்சல். அவள் நாலாம் வகுப்பை ஒரு சர்வதேசப் பரீட்சைக்கு எடுத்திருக்கிறார்களாம். கணக்கு, அறிவியல். உலகம் முழுக்க இதே பரீட்சை. முடிவைப் பார்த்துத்தான் அரசாங்கம் பாடத்திட்டத்தை மாற்றுவதா வேண்டாமா என்று யோசிக்குமாம். நவம்பர் 4, செவ்வாய்.

முதல் பத்தியை இரண்டு தடவை படித்தேன். மீதியைப் படிக்கவில்லை. நீளம்.

கார்த்திக்: "மொத்த கிளாஸையும்தானே எடுத்திருக்காங்க. இதுல என்ன பெருமை?"

"எத்தனையோ ஸ்கூல் இருக்கு. நம்ம ஸ்கூலுக்கு ஏன் வந்துச்சு?"

லேப்டாப்புக்குள் போய்விட்டார்.

பக்கத்துத் தெரு துஷியிடம் சொல்லக் கூடாது. அவள் மகள் ஆரணியும் இதே வகுப்பு, அவளுக்கும் இதே மின்னஞ்சல் வந்திருக்கும். ஆனால் துஷிக்கு மின்னஞ்சல் பார்க்கிற பழக்கம் குறைவு. எல்லாம் வாட்ஸப்தான். அந்த நம்பிக்கையில் இருக்கிறேன்.

அக். 24, வெள்ளி

பள்ளி ஆபீஸில் பழைய வினாத்தாள் கேட்டேன். அங்கிருந்த பெண் சிரித்தாள். இதற்கெல்லாம் தயாராகவே வேண்டாம், குழந்தை நன்றாகத் தூங்கி வந்தால் போதும் என்றாள். தெரியாதா எனக்கு. திருச்சியில் எங்கள் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவளும் பரீட்சைக்கு முன்னால் இதைத்தான் சொல்வாள், "நான் ஒண்ணுமே படிக்கலடி."

கேட்டுக்கு வெளியே துஷி.

"என்ன, ஏதும் புதினமோ?"

"ஒண்ணும் இல்லப்பா. உங்களுக்கு?"

"ஒண்டும் இல்லை."

இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தோம். வானத்திலும் ஒன்றும் இல்லை.

வாங்க வேண்டியது: பாதாம். ரப்பர். துணி கிளிப். சிங்கப்பூர் கணக்குப் புத்தகம் (இந்தப் பரீட்சையில் அவர்கள்தான் எப்போதும் மேலே என்று இணையம் சொல்கிறது. ஆஸ்திரேலியா நடுவில் எங்கேயோ. ஒவ்வொரு தடவையும் ஒரு மந்திரி டிவியில் வந்து வருத்தப்படுவாராம்.)

அக். 27, திங்கள்

பெற்றோருக்கும் கேள்வித்தாள் வந்திருக்கிறது. வீட்டில் எத்தனை புத்தகம் இருக்கிறது?

எண்ணினேன். நிலாவுடையது. சமையல் புத்தகம். கார்த்திக் பாதியில் விட்ட மேனேஜ்மென்ட் புத்தகங்கள். பஞ்சாங்கம். அப்புறம் கராஜில் என் தமிழ்ப் புத்தகங்கள், காலேஜில் சேர்த்தது, கப்பலில் வந்தது, பிரிக்காத பெட்டிகள். அதோடு எண்ணிக்கை ஒரே தாவு. கடைசிக் கட்டத்தில், எல்லாவற்றிலும் பெரியதில், டிக்.

"பஞ்சாங்கமுமா?" என்றார் கார்த்திக்.

"தினம் பார்க்குறோமே."

சரிபார்க்க ஆளை அனுப்பினால் கராஜைத் திறந்து காட்டலாம். பயமில்லை.

அக். 29, புதன்

மோசமான நாள். ஞாயிற்றுக்கிழமை ஆரணியின் பிறந்தநாள், டிராம்பலின் குதிக்கிற இடத்தில். நிலா வாழ்த்து அட்டை வரைந்து முடித்துவிட்டாள், ஒட்டகச்சிவிங்கி, கழுத்தெல்லாம் மினுக்குத் தூள். செவ்வாய்க்கிழமை பரீட்சையை வைத்துக்கொண்டு எப்படி அனுப்புவது? கால் சுளுக்கினால்?

போக வேண்டாம் என்றேன்.

"பட் யூ ப்ராமிஸ்ட்." கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கதவைச் சாத்திக்கொண்டாள். ராத்திரி சிங்கப்பூர்ப் புத்தகத்தில் ஒரு கணக்கு: ஒரு கேக்கைச் சிநேகிதிகளுக்குப் பங்கு போட வேண்டும். விடை எழுதும் இடத்தில் பூஜ்யம் போட்டு வைத்திருந்தாள்.

துஷிக்கு போன். ஞாயிறு ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போகிறோம், ரொம்ப நாள் வேண்டுதல் என்றேன். பெருமாளே மன்னிச்சுக்கோ.

"அதுக்கென்ன, ஆரணிக்கும் தடிமன். பார்ட்டியைத் தள்ளித்தான் வைக்கப்போறன்."

குரலில் கவலையே இல்லை. சளி பிடித்த குழந்தையின் அம்மா இப்படியா பேசுவாள்?

நவ. 2, ஞாயிறு

மேய்ஸ் ஹில் முருகன் கோயில். நிறுத்த இடமில்லாமல் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அர்ச்சனை வரிசையில் எனக்கு முன்னால் பச்சைச் சேலை. துஷி. பக்கத்தில் ஆரணி, ஒரு தும்மல்கூட இல்லை.

அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். "ஆரணி, பூரட்டாதி. செவ்வாய்க்கிழமை சோதினை ஐயா, அதுக்கு." திரும்பினாள். பார்த்தாள்.

"உமக்கு ஹெலன்ஸ்பர்க் எல்லோ?"

"ஆரணிக்குத் தடிமன்தானே?"

"அது மாறிட்டுது."

அர்ச்சகர் என் தட்டை வாங்கினார். "நிலா, ரோகிணி" என்றேன். "செவ்வாய்க்கிழமையா?" என்று அவரே கேட்டார். காலையிலிருந்து இதே பரீட்சைக்கு வந்துகொண்டேயிருக்கிறார்களாம்.

நிலா காருக்கு ஓடிப்போய் ஒட்டகச்சிவிங்கி அட்டையை எடுத்து வந்து ஆரணியிடம் கொடுத்தாள். அதை எதற்குக் காரில் வைத்திருந்தாள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

பார்க்கிங்கில் துஷியின் போனில் மின்னஞ்சலைக் கடைசி வரைக்கும் படித்தோம். (அவளும் முதல் பத்தியோடு நிறுத்தியிருந்தாள்.) பிள்ளைகளுக்கு மார்க் கிடையாது. தாளில் பெயர் போகாது. பள்ளிக்கும் ஒன்றும் தெரியாது. நாட்டுக்கு மட்டும் ஒரு சராசரி, அதுவும் ரொம்ப நாள் கழித்து.

"அப்ப ஆருக்கு மார்க்?"

"ஆஸ்திரேலியாவுக்கு."

"ஆஸ்திரேலியாவுக்காகவோ நான் பிள்ளையின்ர பேர்த்டேயை நிப்பாட்டினனான்?"

அர்ச்சனையையும் ஆஸ்திரேலியா பேரிலேயே பண்ணியிருக்கலாம். நட்சத்திரம்தான் தெரியவில்லை.

பார்ட்டி அடுத்த சனிக்கிழமை. நிலாவிடம் சொன்னேன். "மேபி" என்றாள். நான் அவளிடம் எப்போதும் சொல்கிற அதே தொனியில்.

நவ. 4, செவ்வாய்

வெயில். மார்க் இல்லை என்று தெரிந்தும் நல்ல சகுனத்துக்குத் தயிர், சர்க்கரை கொடுத்தேன். மனசு கேட்கவில்லை. நிலா பயத்தில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமலே போனாள். மார்க் இல்லை என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. இத்தனை நாள் நான் பண்ணியதைத்தான் நம்பியிருக்கிறாள்.

சாயங்காலம்:

"கணக்கெல்லாம் ஈஸிம்மா. அப்புறம் நம்மளப் பத்திக் கேட்டாங்க. ஸ்கூலுக்குப் பசியோட வருவியான்னு."

"என்ன போட்ட?"

"எவ்ரி டே."

"ஏன் கண்ணு?"

"அப்போ பசிச்சுது."

"வேற?"

"வீட்ல எவ்ளோ புக்ஸ்னு. ரொம்பக் கம்மின்னு போட்டேன்."

"கராஜ்ல அவ்வளவு இருக்கேடா."

"அது பாக்ஸ்மா."

நவ. 5, புதன்

பள்ளிக்கு போன் செய்து பசியை மட்டுமாவது திருத்த முடியுமா என்று கேட்டேன். பெயரே இல்லாத தாள்களில் எது யாருடையது என்று எப்படித் தேடுவது? பரிதாபமாகச் சொன்னாள் ஆபீஸ் பெண். தினமும் காலையில் தோசை, நெய் ஊற்றி, என்று அவளிடமாவது பதிவு செய்துவைத்தேன்.

கார்த்திக்: "நல்லதுதான். நாட்டுல பசி ஏறிடுச்சுன்னு மந்திரி ஸ்கூல்ல இட்லி போடுவாரு."

சிரிக்கவில்லை நான். குளியலறையில் போய்ச் சிரித்தேன்.

துணி கிளிப் இன்னும் வாங்கவில்லை.

நவ. 8, சனி

பார்ட்டி. பிள்ளைகள் குதிக்க, பெஞ்சில் நானும் துஷியும்.

"புத்தகம் எத்தினை எண்டு போட்டனீர்?"

சொன்னேன்.

"நான் மனுசன்ர கார் மனுவல் புத்தகத்தையும் எண்ணினனான்" என்றாள். "ரெண்டு கார்."

நடுவில் நிலா வந்து, வேர்வையும் கேக்குமாக, என் மடியில் பொத்தென்று விழுந்தாள். பத்து நாளாக இந்த எடை இல்லாமல் இருந்திருக்கிறது மடி. மறுபடி ஓடிவிட்டாள்.

நவ. 9, ஞாயிறு

நல்ல வெயில். மூன்று மெஷின் துணி துவைத்தேன்.

கராஜில் ஒரு பெட்டியைப் பிரித்தேன். நிலா தும்மினாள், நிஜத் தும்மல். அலமாரி கிடையாது. வாசலில் இருந்த செருப்பு ஸ்டாண்டைத் துடைத்து ஹாலுக்குக் கொண்டுவந்தோம். அவள்தான் அடுக்கினாள், நிற வரிசைப்படி. பாதி தலைகீழாக. திருத்தவில்லை.

"நவ் தே ஆர் புக்ஸ்" என்றாள்.

செருப்பெல்லாம் கராஜில், அந்தப் பெட்டிக்குள். கார்த்திக் ஒற்றை ஷூவோடு வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்.