போன பிறகு உனக்கு வந்த ஆசைகள்

என் செல்ல அக்கா,

அங்கேயாவது நிம்மதியாக இருக்கிறாயா? இங்கே எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. உன் மகள் ஜெனி பத்தாவது பாஸ். நாளைக் காலை, பியூசியில், அதாவது பதினொன்றாம் வகுப்பில், எந்த குரூப் என்று காலேஜில் சொல்லியாக வேண்டும்.

நேற்று உன் நினைவு ஜெபத்துக்கு எல்லாரும் நம் லிங்கராஜபுரம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆமென் சொல்லி பிரியாணியில் கை வைத்ததும் அண்ணன் ஆரம்பித்தான். "ஜெனி டாக்டராகணும்னு தங்கச்சி எங்கிட்ட எத்தன தடவ சொல்லியிருக்கா." உன் வீட்டுக்காரர் விடுவாரா? "இல்ல மச்சான், எங்கிட்ட இன்ஜினியர்னுதான் சொன்னா." உயிரோடு இருந்தபோது ஒரு புடவைகூட வேண்டுமென்று கேட்காதவள் நீ. போன பிறகு உனக்கு எத்தனை ஆசை பார்.

கடைசியில் ரெண்டு பேரும் சமாதானமானார்கள். பிசிஎம்பி எடுத்தால் கணக்கும் இருக்கும், பயாலஜியும் இருக்கும். டாக்டருக்கும் போகலாம், இன்ஜினியருக்கும் போகலாம். உன் ஆசை ரெண்டையும் காப்பாற்றிவிட்டதாக அண்ணனுக்கு ஏக சந்தோஷம். ஜெனி தலையாட்டினாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அவளுக்கு வக்கீலாக வேண்டும். ஆர்ட்ஸ் எடுக்கிறேன் என்று மாதக்கணக்காக என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம் பெங்களூர் ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் நியாயம் பேச ஆரம்பித்தால், அவரே மீட்டரைப் போட்டுவிடுவார். அப்படிப்பட்டவள் உன் பெயரைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரம் அவர்கள்மேலா, உன்மேலா?

இன்று காலை துணி காயப்போடும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "சித்தி, அம்மா உங்கிட்ட என்ன சொன்னாங்க?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது, அக்கா. நீ வக்கீல் என்று சொன்னதாக நான் சொன்னால் போதும், மூன்றாவது ஆசையாக அதுவும் சேர்ந்துவிடும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து என்னால் முடியவில்லை. "ஒண்ணுமே சொல்லல கண்ணு. நீ அப்ப யுகேஜி. சாப்ட்டியா, தூங்கினியான்னுதான் அவளுக்குக் கவல."

அழுவாள் என்று நினைத்தேன். ஈரத் துப்பட்டாவை உதறிக் கொடியில் போட்டாள். "அப்ப வக்கீல் வேணாம்னும் சொல்லலல்ல?" என்றாள்.

சாயங்காலம் அண்ணனையும் உன் வீட்டுக்காரரையும் பேசக் கூப்பிட்டிருக்கிறேன். உன் பெயரை எடுத்து யாரும் அவள் வாயை அடைக்க விடமாட்டேன், இது சத்தியம். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உன்னை நாங்கள் ரொம்பப் பேச வைத்துவிட்டோம். இனி நீ கொஞ்சம் ஓய்வெடு, அக்கா. உன் மகள் பேசட்டும்.

உன் வாயாடித் தங்கை,
ஜெனியின் சித்தி