எடை போட்டு வாங்கிய பிள்ளை

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. நீயாவது நலமாக இரு. பிள்ளைக்கு வயிறு சரியில்லை, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம் என்று அத்தை உனக்குப் போனில் பாதிதான் சொன்னாள். மீதியை நான் சொல்ல வந்தால் நீ அழுவாய், நான் கத்துவேன், உன் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி என்னிடம் நியாயம் பேசுவார். அதனால் எழுதுகிறேன். பயப்படாதே, பிழைத்துவிட்டான்.

எங்களிடம் ஒரு மாதம், உன் மாமியாரிடம் ஒரு மாதம் என்று நீங்கள் இருவரும் முறை வைத்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போனீர்கள். பிள்ளை கை மாறும்போதெல்லாம் உன் மாமியார் தராசோடு வருகிறார், காய்கறிக்காரன்கூட முள்ளை அப்படிப் பார்க்கமாட்டான். போன முறை எடை ஏறவில்லை. எங்க கிட்ட இருந்தப்போ பந்து மாதிரி இருந்தான், இங்க வந்து காத்து போயிடுச்சே என்று வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அது உன் அத்தைக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. இந்த முறை அவன் வந்த நாளிலிருந்து பால்பவுடர் கரண்டி குவியலாக விழுந்தது, தண்ணீர் குறைந்தது. டப்பாவில் போட்டிருப்பதைப் படி என்றேன். மூணு பெத்தவ நான், டப்பா எனக்குப் பாடம் நடத்துதா அண்ணா என்றாள். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன் நான், உன் அம்மா போனபிறகு இந்த வீட்டில் என் பேச்சுக்கு உள்ள மரியாதை அவ்வளவுதான். பிள்ளைக்கு மலம் கல்லாக இறுகியது. முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டான், துணியில் ரத்தக் கோடு. நான் தேர்வு மேற்பார்வைக்குப் போயிருந்த நேரத்தில் பெரியவர்கள் குடிக்கிற பேதி மருந்தை அவள் அவன் வாயில் ஊற்றிவிட்டாள். பிறகு குழாய் திறந்த மாதிரி போயிற்று. பால் கொடுத்தால் இன்னும் போகும் என்று பாலையும் நிறுத்தினாள், தண்ணீரையும் நிறுத்தினாள். நான் வந்து பார்க்கும்போது அழுகிறான், கண்ணீர் இல்லை. உச்சிக்குழி உள்ளே போயிருந்தது.

கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான் என்று டாக்டர் கேட்டார், ஒருவருக்கும் தெரியவில்லை. கெட்டியா கலந்தா சத்து ஜாஸ்தின்னு யார் சொன்னது, பேதி ஆகும்போது பாலை நிறுத்துவாங்களா என்று அவர் திட்டியதை உன் அத்தை தலைகுனிந்து கேட்டாள். கையில் நரம்பு கிடைக்காமல் காலில் குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். உன் மாமியார் வந்தார். எப்படி இருக்கான் என்று கேட்கவில்லை. எங்க மாசம் ஆரம்பிச்சாச்சு, இங்கேருந்து நேரா எங்க வீட்டுக்குத்தான் என்றார். எடை எவ்வளவு குறைஞ்சுது மாமா என்று உன் வீட்டுக்காரர் போனில் கேட்டதைச் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இன்று காலை அவன் படுக்கையை நனைத்தான். நர்ஸ் அந்த ஈரத் துணியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள், உன் அத்தை அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த வீட்டை ஒருநாள் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கும்தான் இருந்தது. இனி வேண்டாம். அவர்களிடமும் விடாதே, எங்களிடமும் விடாதே. வந்து தூக்கிக்கொண்டு போ. வேலை போகும் என்பாய், போகட்டும். நீ வரும்வரை பால் கலக்குவது நான் மட்டும்தான், கரண்டியை மட்டமாக வழித்து.

நீயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். உன் வீட்டுக்காரரையும் வாழ்த்துகிறேன், மனம் வந்து அல்ல. ஒன்றை மறக்காதே. வந்ததும் பாய்ந்து தூக்காதே. அவனுக்கு நீ போனுக்குள் இருக்கிற ஒரு முகம்தான். சற்றுத் தள்ளி உட்கார், அவனாக வரட்டும்.

உன் அப்பா